இடிக்கிறவன் வீட்டுக் கடன்

அந்த வீட்டில் ஒரு கதவைப் போல இன்னொரு கதவு இருக்காது. வாசல் கதவு ஏதோ ஒரு பணக்காரர் பங்களாவிலிருந்து வந்தது, யானையே நுழையலாம். சமையலறைக் கதவு ஒரு கிடங்கிலிருந்து வந்தது. குனியாமல் போனால் நெற்றி வீங்கும். கழிப்பறைக்கு மட்டும் கண்ணாடி பதித்த கதவு. எந்த டாக்டருடைய அறையிலிருந்து கழற்றியதோ, 'உள்ளே வரவும்' என்று எழுதியிருந்ததை எவ்வளவு சுரண்டியும் பாதிதான் போயிற்று. விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

வீட்டுக்காரன் பழைய கட்டடங்களை இடிக்கிற மேஸ்திரி. அவனுடைய தம்பியை எல்லோரும் கடப்பாரை என்பார்கள். ஆளும் அப்படித்தான், நெட்டையாக, வளையாமல் இருப்பான். மேஸ்திரியின் மனைவி, இடித்த செங்கல்லில் ஒட்டியிருக்கிற காரையைத் தட்டி எடுத்து மறுபடியும் விற்கிறவள். தெருவில் அவளுக்குச் செங்கல்காரி என்று பெயர். கையில் சின்னச் சுத்தியல், மடியில் சாக்கு, முகம் முழுக்கச் செம்மண் பூசினாற்போலத் தூசி. கல் உடையாமல் காரையை மட்டும் பிரித்தெடுக்க அவளைப்போல ஆள் கிடையாது.

பழைய வீட்டை இடிக்கிறவனுக்கு வீட்டுக்காரர் கூலி கொடுப்பார் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. இடிக்கிறவன்தான் வீட்டுக்காரரிடம் முன்பணம் வைக்க வேண்டும். கதவு, ஜன்னல், கம்பி, செங்கல் எல்லாம் அப்புறம் அவனுக்குச் சொந்தம். பணத்தை வைக்காமல் சம்மட்டியைத் தூக்கினால் அது திருட்டு. இந்த முன்பணத்தில்தான் மேஸ்திரி கொஞ்ச நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தான். பெரிய இடிப்பு மெஷின் வைத்திருக்கிற ஒருத்தன் ஊருக்குள் வந்துவிட்டான். மேஸ்திரி ஆறு ஆளை வைத்து ஒரு மாதம் இடிப்பதை அவன் நாலு நாளில் தரைமட்டமாக்கினான். அதனால் வீட்டுக்காரர்களிடம் கூடுதல் முன்பணம் வைக்க அவனுக்குக் கட்டுபடியானது.

மேஸ்திரிக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். வேலைக்கு அது உதவியது. சம்மட்டியை ஓங்கும்போது அந்தச் சுவர் ஏதோ தன் அம்மாவைத் திட்டிவிட்ட மாதிரி அடிப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சம்மட்டியை வாசலில் வைத்துவிட்டு வருவான். கையை வைத்துவிட்டு வர முடியாதே. செங்கல்காரி அந்தக் கைக்குப் பயந்து பயந்து பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டவள்.

ஆனால் மனை அவள் பெயரில் இருந்தது. அவளுடைய அப்பாவும் இதே வேலைக்காரர்தான். ஒருநாள் ஒரு சுவர் அவர்மேல் சாய்ந்துவிட்டது. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில் வாங்கிய மனை அது. வீடு கட்டப் பேங்கில் வாங்கிய கடன் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கடனில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. இன்னும் ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் பத்திரம் கைக்கு வரும். செங்கல்காரி வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அந்தப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு வெயில் இறங்கியும் சூடு இறங்கவில்லை. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து சோறும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி பேச்சை எடுத்தான்.

"புது பேங்க்காரன் ஒருத்தன் வந்திருந்தான். நம்ம கடன் மொத்தத்தையும் அவங்களே அடைச்சிடுவாங்களாம். அப்புறம் நாம அவங்களுக்குக் கட்டினா போதும். வட்டி கம்மி."

"நல்லதுதானே" என்றாள் செங்கல்காரி. "எவ்வளவு கம்மி?"

"கம்மின்னா கம்மிதான். அதுக்கு மேல கையிலயும் பணம் தர்றாங்க. வீட்டு மேல."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஊறுகாய் போடவா? மெஷின் வாங்கத்தான்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எத்தனை வருஷம் கட்டணும்?"

"இருபது."

"இப்ப ஏழுதானே பாக்கி?"

"ஏழுல கட்டினா என்ன, இருபதுல கட்டினா என்ன. மாசாமாசம் கட்டுறதுதானே."

"மெஷின் ஓடலைன்னா?"

"ஏன் ஓடாது? வாய வெக்காத."

கடப்பாரை தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அண்ணே, அண்ணி கேக்குறது நியாயந்தானே. ஒரு மாசம் வேலை வரலைன்னா மெஷினுக்கும் கட்டணும், வீட்டுக்கும் கட்டணும். விரலுக்கு ஏத்த வீக்கம் வேணாமா?"

"நீ யாருடா நடுவுல? உன் பேர் பத்திரத்துல இருக்கா?"

"இல்ல. ஆனா சம்மட்டி பிடிக்கிற லிஸ்ட்ல இருக்கே."

சோற்றுத் தட்டு சுவரில் போய் மோதியது. முட்டை கழிப்பறைக் கதவில் ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி எழுந்து நின்று, பெண்டாட்டியின் தலைமுடியைப் பிடிக்கக் கையை நீட்டினான். கடப்பாரை அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுடா."

"நீ உக்காரு, விடுறேன்."

மேஸ்திரி உட்காரவில்லை. போகிற போக்கில் ஒன்று சொன்னான், அதுதான் அவளை அறுத்தது. "உங்க அப்பனை எதுடி கொன்னுச்சு? கையால இடிக்கப் போய்த்தான் செத்தாரு. மெஷின் இருந்திருந்தா கண்ணாடிக்குள்ள உக்காந்து இடிச்சுட்டு, சாயங்காலம் டீ குடிக்க வந்திருப்பாரு. நாளைக்கு இவன் செத்தா அதுக்கும் நஷ்டஈடு வாங்கி இன்னொரு மனை வாங்கு."

அவள் சிதறிய சோற்றை அள்ளினாள். அந்த ஆள் சொன்னதில் பாதி விஷம், பாதி உண்மை. எந்தப் பாதியை எடுப்பது, எந்தப் பாதியைத் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் வீடு ஆட்டம் காணும். போடாவிட்டால் கொழுந்தன் சுவருக்கு அடியில்தான் நிற்க வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பின் நிலைமை அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போது அவர்கள் இடித்துக்கொண்டிருந்தது மூன்று மாடிப் பழைய வீடு. இடிக்கிற வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. கட்டினவன் கடைசியாக வைத்ததை நீ முதலில் எடுக்க வேண்டும். மேலேயிருந்து வரிசை வரிசையாகக் கீழே இறங்க வேண்டும். அடியில் கை வைக்கிறவன் தன் சமாதியில் கை வைக்கிறான். மெஷின்காரன் மட்டும் அடியில் குத்தி மொத்தத்தையும் சரிப்பான். அவனுக்கு நீளமான இரும்புக் கை இருக்கிறது, தூரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

செங்கல்காரி முற்றத்தில் சாக்கைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு கல் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெரு வீட்டுக்கு மெஷின்காரன் முன்பணம் வைத்துவிட்டான் என்று செய்தி வந்தது. மேஸ்திரி அந்த வீட்டை நம்பி ஆட்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவன் முகம் கறுத்துப்போனதை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"மேல ஏறாதீங்க" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினான். "எல்லாம் கீழ இறங்குங்கடா. இந்தச் சுவரை அடியில வெட்டி, கயிறு போட்டு ஒரே இழுப்பா இழுத்துடலாம். அவன் நாலு நாள்ல முடிப்பான்னா நான் மூணு நாள்ல முடிக்கிறேன்."

"அண்ணே, மேல தளம் இன்னும் பாதி தொங்குது" என்றான் கடப்பாரை.

"தொங்கட்டும். சேர்ந்து விழும்."

"எந்தப் பக்கம் விழும்னு எப்படித் தெரியும்?"

"இழுக்குற பக்கம் விழும். பயமா இருந்தா உங்க அண்ணிகூட உக்காந்து கல்லுத் தட்டு, போ."

ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் கடப்பாரை சுவரடிக்குப் போனான். இல்லாவிட்டால் போயிருக்க மாட்டான். சுவரின் அடியை இருபக்கமும் வெட்டினார்கள். கயிற்றைக் கட்டி ஆறு பேரும் இழுத்தார்கள். சுவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டச் சொன்னான் மேஸ்திரி. கடப்பாரை குனிந்து இரண்டாவது குத்துக் குத்தும்போது மேலே தொங்கிய தளம் தன் இஷ்டத்துக்கு வந்தது.

சத்தம் கேட்டதும் செங்கல்காரி எழுந்து ஓடினாள். தூசியில் யாரையும் காணோம். இருமல் சத்தங்களை வைத்து ஆட்களை எண்ணினாள். ஒரு இருமல் குறைந்தது. அவள் வெறுங்கையால் கல்லைப் பிறாண்டினாள். நகம் இரண்டு பெயர்ந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. முதலில் தலை தெரிந்தது, பிறகு தோள். முழங்காலுக்குக் கீழே மட்டும் தளத்தின் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினான். அவன் கத்திக்கொண்டே நெம்பினான். யாரைத் திட்டுகிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கால் வெளியே வந்தபோது கால் மாதிரி இல்லை.

"தம்பி, என்னைப் பாரு. அண்ணியைப் பாரு. கீழ பாக்காத" என்றாள்.

"பாக்கலை அண்ணி" என்றான் அவன். அப்படியே மயங்கிப்போனான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மழை சாரலாக உள்ளே அடித்தது. ஓரமாக ஒதுங்கி நின்ற மேஸ்திரி திடீரென்று அவள் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது, அழுதிருந்தான்.

"நீ அன்னைக்கே போட்டிருந்தா இது நடந்திருக்குமா? சொல்லு. நீ போடாத கையெழுத்துதான் அவன் காலை ஒடிச்சுது."

"நானா அடியில வெட்டச் சொன்னேன்?"

தாழ்வாரத்தில் பத்துப் பேர் பார்க்க அவள் கன்னத்தில் அறைந்தான். ஒரு நர்ஸ் ஓடிவந்து, வெளியே போகச் சொன்னாள். அவன் போனான். செங்கல்காரி கன்னத்தைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. எந்தத் தப்பும் இந்த ஆளிடமிருந்து புறப்பட்டு எப்படியோ சுற்றிக்கொண்டு தன் தலையில்தான் வந்து இறங்குகிறதே என்று நினைத்தாள்.

காலை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். ஆனால் சம்மட்டி பிடித்து நிற்க ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். கடப்பாரையைக் கூடத்தில் சுவரோரமாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

மேஸ்திரி அவளைக் கேட்காமலே புது பேங்க்குக்குப் பேப்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருந்தான். வீட்டுக்கு மதிப்புப் போட ஒரு இன்ஜினியர் வந்தார். வாசல் நிலையில் செதுக்கியிருந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு எண்பது வயசு ஆகுதே? உங்க பேப்பர்ல பத்துன்னு போட்டிருக்கு?"

"கதவுக்குத்தான் சார் எண்பது. சுவருக்குப் பத்துதான்" என்றாள் செங்கல்காரி.

"செங்கல்?"

"அது ஒவ்வொண்ணும் ஒரு வயசு."

கட்டிலில் இருந்தவன் சிரித்து, சிரித்ததில் கால் வலித்து முனகினான். இன்ஜினியரும் சிரித்தார். மதிப்பு நன்றாகவே போட்டார் போலிருக்கிறது. அந்த வாரமே கடன் பாஸ் ஆகிவிட்டது. பழைய கடனும் அடையும், மெஷினுக்கும் பணம் வரும். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் பேங்க்குக்குப் போக வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கடப்பாரை அவளைக் கூப்பிட்டான்.

"அண்ணி, எனக்காகப் போட்டுடாதீங்க."

"உன் காலைப் பார்த்தா போடணும்போல இருக்குடா."

"மெஷின் வந்தாலும் அதை ஓட்டப்போறது அண்ணன்தானே. கயித்தையே அடியில போட்டு இழுக்கச் சொன்ன ஆளு. அந்த இரும்புக் கையை அவர்கிட்டக் குடுத்தா எங்க குத்துவாரோ."

அந்தப் பேச்சில்தான் அவள் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. மேஸ்திரி வந்து கை கழுவி உட்கார்ந்ததும் நேராகச் சொன்னாள்.

"கடனை மாத்திக்கலாம். வட்டி குறையுறது நல்லதுதான். ஆனா அதே ஏழு வருஷம். மேல பணம் வேண்டாம். அதுக்குன்னா கையெழுத்துப் போடுறேன்."

"மெஷின்?"

"வேண்டாம்."

"முன்பணம் குடுத்துட்டேன்டீ மெஷினுக்கு. இருந்த சேமிப்பெல்லாம் குடுத்துட்டேன்."

"என்னைக் கேட்டா குடுத்தீங்க?"

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். சம்மட்டியோடு திரும்பி வந்தான். வழக்கமாக வாசலோடு நிற்கிற சாமான் அது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூடத்துக்குள் வந்தது.

"வீடு வீடுன்னு உசிரை விடுறியே. இந்த வீடுதானே உன் நெஞ்சுக்குள்ள உக்காந்திருக்கு? இதை இடிச்சுட்டா என்ன பண்ணுவ?"

முதல் அடி கழிப்பறைக் கதவில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கிக் கட்டில்வரை தெறித்தது. இரண்டாவது அடி கூடத்துச் சுவரில். காரை பெயர்ந்தது. மூன்றாவதில் செங்கல்கள் உதிர்ந்து, கட்டுப் போட்ட காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தன. கடப்பாரை எழ முடியாமல் கையால் தரையைத் தேய்த்து நகரப் பார்த்தான். "அண்ணே, நான் இங்க படுத்திருக்கேன் அண்ணே" என்றான். கேட்கிற காது அங்கே இல்லை. தெருவில் ஆள் கூடிவிட்டது.

செங்கல்காரி நடுவில் போய் நின்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"இடிக்கிறவன் வீட்டுக்காரங்ககிட்ட முன்பணம் வெச்சுட்டுத்தானே சம்மட்டியைத் தூக்கணும்? மனை என் பேர்ல இருக்கு. வீட்டுக்காரி நான். பணத்தை வெச்சுட்டு இடிங்க."

வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவனுடைய ஆட்களில் ஒருத்தன்தான். அந்தச் சிரிப்பு மேஸ்திரியின் முதுகில் விழுந்தது. சம்மட்டியைக் கீழே போட்டான். ஓங்கி அவள் முகத்தில் ஒரு குத்து விட்டான். அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். வாயில் உப்புக் கரித்தது. கண்ணைத் திறந்தபோது அவன் பெயர்ந்த சுவரின் ஓட்டைக்குள் வலது கையை விட்டு, மேல் வரிசைச் செங்கல்லைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அது வந்தால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் கட்டில்மேல் வரும்.

தட்டுகிற சுத்தியல் அவள் இடுப்பில்தான் இருந்தது. எடுத்தாள். கல் உடையாமல் காரையை மட்டும் பிரிக்கிற கை அது. எந்த அடி எவ்வளவு என்று அதற்குத் தெரியும். அன்றைக்கு அவள் எதையும் அளக்கவில்லை. செங்கல்லைப் பிடித்திருந்த விரல்கள்மேல் ஒரு அடி, விலகுவதற்குள் இன்னொன்று. இரண்டாவதில் எலும்பு முறிந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

மேஸ்திரி கையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டான். அவன் அலறியது ஒருமுறைதான். அப்புறம் குழந்தை மாதிரி மூச்சு வாங்கினான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, இத்தனை வருஷமும் இதைச் செய்யாமல் விட்டோமே என்று ஆத்திரமாகவும் இருந்தது. கட்டிலைப் பிடித்து நடுக் கூடத்துக்கு இழுத்தாள்.

எலும்பு ஆஸ்பத்திரியில் தம்பியின் காலைப் பார்த்த அதே டாக்டர்தான். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சொல்லிவெச்சு வர்றீங்களா?" என்று கேட்டார். மேஸ்திரியின் நடுவிரலும் மோதிர விரலும் பழையபடி மடங்காது என்றார். சம்மட்டிக் காம்பை அந்தக் கை இனி இறுக்கிப் பிடிக்காது.

வீட்டில் இரண்டு ஆண்கள், இரண்டு கட்டு. மெஷினுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது என்று கைவிரித்துவிட்டார்கள். சம்பாதிக்கிறது சின்னச் சுத்தியல் ஒன்றுதான். அவள் தட்டுகிற கல்லை வைத்து ஏழு வருஷக் கணக்கில் கடனைக் கட்டவே முடியாது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் துண்டு விழுந்தது. இருபது வருஷமாக நீட்டினால் மாசத் தவணை அவள் கைக்கு அடங்கும். எதை வேண்டாம் என்று அடி வாங்கினாளோ, அதையே அவள் கேட்டு வாங்கப் போக வேண்டியதாயிற்று. தன் அடி தன் தலையிலேயே கூடுதல் பதிமூன்று வருஷமாக விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அடித்ததை நினைத்து அவள் வருந்தவில்லை. வருந்த நேரமும் இல்லை.

"மேல பணம் எதுவும் வேண்டாம். கடனை மாத்தி, இருபது வருஷமாப் போட்டுக் குடுங்க" என்றாள் பேங்க்கில்.

எதிரே இருந்த ஆபீசர் அம்மா கண்ணாடிக்கு மேலாக இரண்டு பேரையும் பார்த்தார். மேஸ்திரியின் வலது கை கழுத்தில் தொங்கியது. செங்கல்காரியின் ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

"சாருக்குக் கையில என்ன?"

"கல்லு விழுந்துடுச்சு" என்றான் மேஸ்திரி.

"உங்களுக்கு?"

"அதே கல்லுதான் மேடம்" என்றாள் அவள்.

ஆபீசர் அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. பேப்பர்களைப் புரட்டி, பென்சிலால் ஒரு இடத்தைக் காட்டினார். "இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கங்க. கடன் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நடுவுல ஒருத்தர் விலகிக்கிறேன்னா முடியாது. இருபது வருஷமும் ரெண்டு பேரும் சேர்ந்துதான். சம்மதமா?"

செங்கல்காரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டாள்.

"சார் கையெழுத்துப் போட முடியாது இல்லையா? இடது பெருவிரல் ரேகை வெச்சாப் போதும்."

மேஸ்திரி நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவன். மை டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கை எழவில்லை. செங்கல்காரி அவன் இடது கையைப் பிடிக்கப் போனாள். அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தோளை உயர்த்தி முகத்தை மறைத்தான்.

அவள் இத்தனை வருஷமும் அப்படித்தான் தோளை உயர்த்தியிருந்தாள். இந்த ஆள் ஒருநாள் தனக்குப் பயப்பட வேண்டும் என்று எத்தனையோ தடவை வேண்டியிருக்கிறாள். இப்போது பயப்படுகிறான். அதைப் பார்க்க நன்றாகவே இல்லை. இனி ஒரே கூரையின் கீழ் பயம் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தரிடம் மாறி மாறி உட்காரப்போகிறது, இருபது வருஷத்துக்கு.

"மைதாங்க" என்றாள். "விரலைக் குடுங்க."

அவன் கொடுத்தான். அவள் அதை மையில் ஒற்றி, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, ரேகை சரியாக விழுகிறவரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.